உப்புக் கிணற்று வீட்டில் குள்ளச் சிக்லிட் மீன் வளர்ப்பு

தென்னையில் சுருள் வெள்ளை ஈயின் தாக்குதலைப் பார்த்து யோசனை சொல்லும்படி கோட்டக்குப்பத்திலிருந்து ஓர் அன்பர் அழைத்திருந்தார். மரங்களைப் பார்த்து முடித்துக் கிளம்பும் சமயம், அடுத்த வீட்டு அம்மையார் ஒருவர், "சார், மீனுக்கும் பார்ப்பீங்களா?" என்று கேட்டார். மீன் என் பாடம் அல்ல, மண்ணும் தண்ணீரும்தான் என் பாடம் என்றேன். "அப்ப தண்ணியையாவது பாருங்க" என்று மாடிக்கு அழைத்துப் போனார்.

கூரை வேய்ந்த மொட்டை மாடியில் 10 கண்ணாடித் தொட்டிகள். அவற்றில் 7 காலியாக இருந்தன. அம்மையாரும் கல்லூரிப் படிப்பை முடித்த அவருடைய மகனும் சேர்ந்து அலங்கார மீன் குஞ்சு உற்பத்தி தொடங்கியிருக்கிறார்கள். முதலீட்டுக்கு இரண்டு தங்க வளையல்கள் அடகுக் கடைக்குப் போயிருக்கின்றன. வாங்கியது 'ஜெர்மன் புளூ ராம்' எனப்படும் குள்ளச் சிக்லிட் மீன்கள். மூன்று முறை வாங்கி, மூன்று முறையும் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலானவை செத்துவிட்டன. விற்றவர் நோயுள்ள மீனைத் தலையில் கட்டிவிட்டார் என்பது மகனின் அபிப்பிராயம். கண் பட்டுவிட்டது என்பது தாயாரின் அபிப்பிராயம்.

பையில் எப்போதும் இருக்கும் மீட்டரை நனைத்துப் பார்த்தேன். கார அமில நிலை 8.2. கரைந்த உப்புகள் லிட்டருக்கு 1,400 மில்லி கிராம். "அம்மா, இந்தத் தண்ணீரில் பருப்பு வேகுமா?" என்று கேட்டேன்.

"வேகாது சார். சமையலுக்குக் கேன் தண்ணிதான்."

"சோப்பு நுரைக்குமா?"

"நுரையே வராது."

"உங்கள் மீன்கள் செத்ததற்கும் அதுதான் காரணம்" என்றேன். அவர் நம்பவில்லை. தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாகத்தானே இருக்கிறது என்றார்.

இப்பகுதியில் அலங்கார மீன் வளர்ப்பவர்கள் பெருகி வருகிறார்கள். பொழுதுபோக்குக்காக ஒரு தொட்டி வைத்திருப்பவரும் உண்டு, வருமானத்தை நம்பிப் பத்துத் தொட்டி வைத்திருப்பவரும் உண்டு. இருவருக்கும் பயன்படும் என்பதால் அன்று அந்த மாடியில் பேசியதையும், பின்னர் இரண்டு மூன்று முறை சென்று பார்த்ததையும் இங்கே விரிவாகத் தருகிறேன்.

குள்ளச் சிக்லிட் என்பவை எவை?

சிக்லிட் என்பது மிகப் பெரிய மீன் குடும்பம். நம் ஏரிகளில் நிறைந்துவிட்ட ஜிலேபி கெண்டை இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இதில் ஏறத்தாழ 10 செ.மீ.க்கு மேல் வளராத சிறு இனங்களை மீன் வளர்ப்போர் குள்ளச் சிக்லிட் என்று தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள். தென் அமெரிக்காவின் ராம், அப்பிஸ்டோகிராமா, மேற்கு ஆப்பிரிக்காவின் கிரிபென்சிஸ் ஆகியவை இவற்றுள் பிரபலமானவை. முட்டையையும் குஞ்சையும் விட்டுவிட்டுப் போகாமல் தாயும், பல இனங்களில் தந்தையும் கூடவே நின்று காவல் காப்பது இக்குடும்பத்தின் சிறப்பு. இவற்றை வளர்ப்பவர்கள் மயங்குவது பெரும்பாலும் இந்த ஒரு காட்சிக்காகத்தான்.

ராம் மீனின் பெயரில் ஜெர்மன் என்று இருந்தாலும் அது ஜெர்மனியின் மீன் அல்ல. வெனிசுலா, கொலம்பியா நாடுகளில் ஓரினோகோ ஆற்றுச் சமவெளியைச் சேர்ந்தது. 1948ஆம் ஆண்டு அதற்கு அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. அங்குள்ள தண்ணீர் மழைநீரைப் போல மெல்லியது, வெதுவெதுப்பானது, சற்றே அமிலத் தன்மை உடையது. அப்படிப்பட்ட நீரில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மீனைக் கடலோர ஆழ்துளைக் கிணற்று நீரில் விட்டால் என்ன ஆகும்? களர் நிலத்தில் தேயிலை நட்டது போலத்தான்.

நம் நாட்டுக்கென்றும் சிக்லிட்டுகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இந்தியாவில் இயற்கையாக உள்ளவை மூன்றே இனங்கள். கேரளத்தார் விரும்பி உண்ணும் கரிமீன் ஒன்று. கர்நாடக ஆறுகளில் காணப்படும் கனரா கரிமீன் இரண்டாவது. மூன்றாவது, எட்டு செ.மீ. அளவே வளரும் ஆரஞ்சு குரோமைடு. தென்னிந்தியக் கடலோர ஏரிகள், கழிகள், முகத்துவாரங்கள், ஆற்றுக் கடைமடைகள் ஆகியவற்றிலும் இலங்கையிலும் இது வாழ்கிறது. 1795இல் புளோக் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை முதலில் விவரித்தார். இம்மூன்றுக்கும் மிக நெருங்கிய உறவினர்கள் இருப்பது மடகாஸ்கர் தீவில்! இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரே நிலமாக இருந்த காலத்து உறவு என்று கருதுகிறார்கள்.

ஆரஞ்சு குரோமைடு உவர் நீரிலும் நன்னீரிலும் வாழும். கடினமான, காரத் தன்மையுள்ள நீரே அதற்கு உகந்தது. சுருங்கச் சொன்னால், அந்த அம்மையாரின் கிணற்று நீர் ராம் மீனுக்கு எமன், குரோமைடுக்குத் தாய் வீடு.

தண்ணீரைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் முதல் மரக்காணம் வரை கடற்கரையை ஒட்டிய ஊர்களில் ஒரே தெருவில்கூட ஒரு கிணறு நன்றாகவும் மற்றொன்று உப்பாகவும் இருப்பதைக் காணலாம். ஆகவே மீன் வாங்கும் முன் தண்ணீரைச் சோதிப்பதே முதல் வேலை. மீன் கடைகளில் கிடைக்கும் பி.எச். சோதனைத் திரவமும், சுத்திகரிப்பு இயந்திரம் பழுது பார்ப்பவர்கள் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் போதும். மீட்டர் ஒன்றை மட்டும் சொல்லாது: கரைந்திருப்பது சமையல் உப்பா, சுண்ணாம்பா என்று. அதற்குத்தான் பருப்பும் சோப்பும். பருப்பு வேகாமல், சோப்பு நுரைக்காமல் இருந்தால் சுண்ணாம்பும் மக்னீசியமும் மிகுந்த கடின நீர் என்று கொள்ளலாம்.

கடின நீர் தன்னளவில் ராம் மீனை ஒரே நாளில் கொன்றுவிடுவதில்லை. உள்ளுக்குள் மெலியச் செய்கிறது. முட்டையைப் பொரிக்க விடாமல் செய்கிறது. இரண்டு வாரத்தில் கொல்வது பெரும்பாலும் அம்மோனியா. இதை விவசாயிகளுக்கு விளக்குவது சுலபம். சுண்ணாம்பு மிகுந்த கார மண்ணின் மேல் யூரியாவைத் தூவிவிட்டு வந்தால் அம்மோனியாவாக ஆவியாகிப் போகிறது அல்லவா? மீன் தொட்டியிலும் அதே விதிதான். மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. தண்ணீரில் அது இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று அதிகக் கெடுதல் இல்லாதது, மற்றொன்று செவுளைச் சுட்டுவிடும் நஞ்சு. 28 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்தத்தில் நூற்றுக்கு 0.7 பங்குதான் நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 ஆனால் அது 6.5 பங்கு. அதாவது ஒரே அளவு கழிவு, ஒரே அளவு மீன், ஆனால் நஞ்சு ஒன்பது மடங்கு.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேறச் சாதாரணமாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அந்த வீட்டில் தொட்டி வாங்கிய மறு நாளே தண்ணீர் நிரப்பி, அன்று மாலையே ஒரு தொட்டிக்குப் பத்து மீன் வீதம் விட்டிருக்கிறார்கள். மூன்று முறையும் செத்த மீன்களை அகற்றிய பின், "நோய்க் கிருமி போகட்டும்" என்று வடிகட்டியை வெந்நீரில் அலசியிருக்கிறார்கள். குடியேறத் தொடங்கிய நுண்ணுயிர்களும் அத்துடன் போயின. விற்றவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாங்குபவரின் தண்ணீரைப் பற்றி ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்பது மட்டும் உண்மை.

புதுத் தொட்டியைப் பழக்க ஒரு குறுக்கு வழி உண்டு. நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்சு வடிகட்டி ஒன்றை ஈரம் காயாமல் கொண்டுவந்து புதுத் தொட்டியில் வைத்தால் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறையும். உறை மோர் ஊற்றித் தயிர் தோய்ப்பது போல. வடிகட்டியைக் கழுவ வேண்டி வந்தால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாகப் பிழிந்து கழுவவும். குழாய் நீரும் வெந்நீரும் கூடாது.

ஆவியாகும் நீர்

பலர் கவனிக்காத ஒன்று இது. தொட்டியில் தண்ணீர் ஆவியாகும்போது தண்ணீர் மட்டுமே போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. மே மாதத்தில் மூடியில்லாத தொட்டி ஒன்று நாளுக்கு ஒன்றரை லிட்டர் இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 நாளில் 30 லிட்டர். இதை அந்தக் கிணற்று நீராலேயே ஈடு செய்தால் 42 கிராம் உப்பு கூடுதலாகச் சேரும். 95 லிட்டர் தொட்டியில் 1,400 ஆக இருந்த அளவு 1,800ஐத் தாண்டிவிடும். ஆகவே குறைந்த நீரை ஈடு செய்ய மழை நீரோ, சுத்திகரித்த கேன் நீரோ மட்டும் ஊற்றவும். வாரந்தோறும் நீர் மாற்றும்போது வழக்கமான நீரைப் பயன்படுத்தலாம். தொட்டிக்குக் கண்ணாடி மூடி போடுவது இன்னும் நல்லது. குரோமைடு சில சமயம் துள்ளி வெளியே விழும்.

ராம்தான் வேண்டும் என்பவர்களுக்கு மழை நீர்

தண்ணீருக்கு ஏற்ற மீனை வைப்பது ஒரு வழி. மீனுக்கு ஏற்பத் தண்ணீரை மாற்றுவது மற்றொரு வழி. இரண்டாவது வழியில் செல்வோருக்கு வடகிழக்குப் பருவ மழையை விட மலிவான துணை இல்லை. 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழை நீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பெரும்பாலான வீடுகளில் குழாய் ஏற்கனவே இருக்கிறது, அதைத் தரைக்குள் விடும் முன் ஒரு பீப்பாய்க்குத் திருப்பினால் போதும்.

100 சதுர அடித் தளத்தில் 10 மி.மீ. மழை பெய்தால் 90 லிட்டருக்குச் சற்று அதிகமாக நீர் விழுகிறது. வீணாவது போகச் சுமார் 80 லிட்டர் பிடிக்கலாம். பருவத்தின் முதல் இரண்டு மழைகளைப் பிடிக்காமல் தளம் கழுவப்பட விட்டுவிடவும். துருப்பிடித்த தகரக் கூரை, பெயிண்ட் அடித்த கூரை ஆகியவற்றின் நீர் ஆகாது. பீப்பாயை வெயில் படாத இடத்தில் வைத்து, கொசு புகாதபடி வாயில் வெள்ளைத் துணி கட்டவும்.

மழை நீரை அப்படியே தொட்டியில் ஊற்றக் கூடாது. அதில் சுண்ணாம்புச் சத்து அநேகமாக இல்லாததால் அமிலத்தைத் தாங்கி நிற்கும் சக்தியும் இல்லை. பி.எச். ஓரிரு வாரத்தில் சட்டென்று சரிந்துவிடும். 7 பங்கு மழை நீருக்கு 1 பங்கு அந்தக் கிணற்று நீர் கலந்தால் லிட்டருக்கு 200 மில்லி கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். பண்ணையில் பிறந்த ராம் மீனுக்கு இது போதுமானது. கேன் தண்ணீரை வைத்தும் இதே முறையில் கலக்கலாம், மீட்டரில் பார்த்து அளவைச் சரி செய்துகொள்ள வேண்டும்.

60 லிட்டர் தொட்டி இரண்டுக்கு, வாரம் ஐந்தில் ஒரு பங்கு நீர் மாற்றவும், ஆவியாவதை ஈடு செய்யவும் மாதத்துக்குச் சுமார் 120 லிட்டர் மழை நீர் பிடிக்கும். 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்று நிரம்பியிருந்தால் ஜனவரியிலிருந்து ஆவணி மழை வரை தாராளமாக ஓட்டலாம். ஆனால் பத்துத் தொட்டிக்கு? அது நடக்கிற காரியம் அல்ல என்று அந்த மகனிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு தொட்டிகளில் மட்டும் ராம், மற்றவற்றில் குரோமைடு என்று முடிவாயிற்று.

நாட்டு பாதாம் மரத்தின் காய்ந்த இலையைத் தொட்டியில் போடுவது எல்லோரும் சொல்லும் கைவைத்தியம். நல்லதுதான், மீன்கள் அமைதியாக இருக்கின்றன. ஆனால் அது பி.எச்.சைக் குறைப்பது மெல்லிய நீரில் மட்டுமே. இந்த வீட்டில் முன்பு கை கையாக இலையை அள்ளிப் போட்டிருந்தார்கள். தண்ணீர் தேநீர் நிறமானது, பி.எச். 8.2 ஆகவே இருந்தது. சுண்ணாம்பு இலையின் அமிலத்தை விழுங்கிவிடுகிறது. 40 லிட்டருக்கு ஓர் இலை வீதம், மழை நீர்த் தொட்டிக்கு மட்டும் போடவும்.

தொட்டி அமைப்பு

ஒரு ஜோடிக் குரோமைடுக்கு இரண்டரை அடி நீளமும், ஒன்றேகால் அடி அகலமும், அதே உயரமும் உள்ள தொட்டி ஏற்றது. மேல் விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு நிரப்பினால் சுமார் 95 லிட்டர் கொள்ளும். கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்து 120 கிலோவுக்கு மேல் போகும் என்பதால் மர முக்காலியின் மேல் வைப்பது ஆபத்து. கீழே தெர்மோகோல் தகடு இட்டு, மட்டம் பார்த்து வைக்கவும். ஜன்னல் வெயில் நேராகப் படக் கூடாது.

அடியில் கழுவிய ஆற்று மணல் ஓர் அங்குலம். கடற்கரை மணலில் சிப்பித் துகள் இருப்பதால் ராம் தொட்டிக்கு ஆகாது, குரோமைடுக்குத் தடையில்லை. ஒளிந்துகொள்ள இடம் இல்லாவிட்டால் சிக்லிட்டுகள் ஓயாமல் சண்டையிடும். உடைந்த மண் சட்டி, வாய்ப்புறம் நெருக்கிய கொட்டாங்குச்சி, தட்டையான கருங்கல் ஆகியவை போதும். கொட்டாங்குச்சியைப் பல முறை கொதிக்க வைத்துச் சாயம் இறக்கிய பிறகே போடவும். கடையில் விற்கும் வண்ணப் பிளாஸ்டிக் கோட்டைகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. செடிகளில் ஜாவா பெரணியும், பாசித் தாளும் சற்று உப்பான நீரிலும் பிழைத்துக்கொள்ளும்.

நகராட்சிக் குழாய் நீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் முழுதும் திறந்த வாளியில் காற்றுக் குழாய் விட்டு வைத்தபின் பயன்படுத்தலாம். அவசரமானால் 10 லிட்டருக்கு ஒரு சிறு படிகம் வீதம் ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் போடவும்.

ஆரஞ்சு குரோமைடு வளர்ப்பு

இதில் ஆண், பெண் வேறுபாடு வெளிப்படையாகத் தெரிவதில்லை. ஆகவே ஜோடி என்று சொல்லி விற்பதை நம்பி வாங்காமல், 6 குஞ்சுகளாக வாங்கி ஒன்றாக வளர்க்கவும். நாலைந்து செ.மீ. வளர்ந்ததும் தாமாகவே ஜோடி சேரும். ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டத் தொடங்கும் இரண்டுதான் ஜோடி. அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். முழு மஞ்சளாக உள்ள வகை ஒன்றும் கடைகளில் கிடைக்கிறது. அதே இனம்தான், வளர்ப்பும் ஒன்றே.

வெப்பம் 25 முதல் 30 டிகிரி, பி.எச். 7.5 முதல் 8.5 வரை. நல்ல தண்ணீர் உள்ள திண்டிவனம், செஞ்சிப் பக்கத்து அன்பர்கள் லிட்டருக்கு 2 கிராம் வீதம் அயோடின் கலக்காத கல்லுப்புச் சேர்க்கலாம். மரக்காணம் உப்பளத்து உப்பே போதும். 95 லிட்டருக்கு 190 கிராம். இதை ஒரே நாளில் கொட்டாமல், தனியே கரைத்து நான்கு நாட்களில் பிரித்து ஊற்றவும். கோட்டக்குப்பம் வீட்டுக் கிணற்று நீரிலோ ஏற்கனவே லிட்டருக்கு 1.4 கிராம் கரைந்திருக்கிறது. அங்கே உப்பு எதுவும் சேர்க்கத் தேவையில்லை என்றதும் அம்மையார் முதல் முறையாகச் சிரித்தார்.

துணைக்கு வேறு மீன் வேண்டுமானால் மோலி நல்லது. அதற்கும் கடின நீர்தான் பிடிக்கும்.

ஜோடி சேர்ந்த மீன்கள் கல்லையோ சட்டியின் உட்புறத்தையோ வாயால் சுத்தம் செய்து, 200 முதல் 300 முட்டைகள் வரை ஒட்ட வைக்கும். ஒவ்வொரு முட்டையும் ஒரு சிறு நூலால் கல்லில் பிணைந்திருக்கும். இரண்டும் முறை வைத்து விசிறும். இக்காலத்தில் அவற்றின் வயிற்றுப் பக்கம் கறுத்துவிடும், நோய் என்று பயந்து மருந்து ஊற்ற வேண்டாம். மூன்று முதல் ஐந்து நாட்களில் குஞ்சு பொரிக்கும். மணலில் குழி பறித்து அவற்றை அங்கே சேர்க்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும்.

நீந்தத் தொடங்கிய குஞ்சுகள் தாய் தந்தையரின் உடம்பில் வந்து வந்து மோதுவதைக் காணலாம். மேலே சுரக்கும் வழவழப்பான கோழையைக் கொறித்து உண்கின்றன. 1967இல் வார்டு, பார்லோ என்ற இரு விஞ்ஞானிகள் இப்பழக்கத்தை ஆராய்ந்து எழுதினார்கள். ஆகவே குஞ்சுகளைப் பெற்றோரிடமிருந்து உடனே பிரிக்காமல் இரண்டு மூன்று வாரம் விட்டுவைப்பது நலம். ஓர் ஆராய்ச்சியில், இளம் குரோமைடுகள் கரிமீனின் உடம்பைக் கொத்திச் சுத்தம் செய்வதாகவும் 1972இல் தெரியவந்தது. அதே குரோமைடு சமயம் கிடைத்தால் கரிமீனின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடுவதும் உண்டு. இரண்டையும் ஒரே தொட்டியில் இட்டு விருத்தி செய்ய நினைக்க வேண்டாம்.

முதல் ஈற்று முட்டைகளைப் பெற்றோரே தின்றுவிடுவது சகஜம். பொறுமை வேண்டும். ஆள் நடமாட்டம் உள்ள வழியில் தொட்டி இருந்தால் மூன்று பக்கம் காகிதம் ஒட்டி மறைக்கவும்.

ராம், கிரிபென்சிஸ், அப்பிஸ்டோகிராமா

ராம் மீனுக்கு 27 டிகிரிக்குக் குறையாத வெப்பம் வேண்டும். மார்கழி, தை மாதங்களில் 60 லிட்டருக்கு 75 வாட் ஹீட்டர் அவசியம். தட்டைக் கல்லில் முட்டையிட்டு ஆணும் பெண்ணும் சேர்ந்து காக்கும். ஆயுள் இரண்டு மூன்று ஆண்டுகளே. ஆகவே கடையில் மிகப் பெரிதாக, பளபளவென்று இருப்பதை வாங்காமல் நடுத்தர அளவில் துடிப்புள்ளதாகப் பார்த்து வாங்கவும். கிரிபென்சிஸ் இவற்றுள் சற்றுக் கடினமான ஜாதி, புதியவர்களுக்கு ஏற்றது. சட்டிக்குள் முட்டையிடும். இதில் ஒரு விந்தை: தண்ணீரின் அமிலத் தன்மை கூடினால் குஞ்சுகளில் ஆண்கள் மிகுதியாகின்றன. அப்பிஸ்டோகிராமாவிலோ வெப்பம் கூடினால் ஆண்கள் மிகுதியாகின்றன. விற்பனைக்காக விருத்தி செய்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஒரே பாலாக வந்த குஞ்சுகளை ஜோடி சேர்த்து விற்க முடியாது.

தீனி

நாளுக்கு இரு வேளை, இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவே போடவும். சிறு குருணைத் தீனியோடு வாரம் இரண்டு மூன்று நாள் உயிர்த் தீனி கொடுத்தால் நிறம் நன்றாக வரும். ஆர்ட்டீமியா முட்டையை உப்பு நீரில் 24 மணி நேரம் காற்று விட்டுப் பொரிக்க வைத்துக் குஞ்சு மீன்களுக்குக் கொடுக்கலாம். கொசுப் புழு அருமையான தீனிதான், ஆனால் அதற்காகத் திறந்த வாளியில் நீர் தேக்கி வைத்தால் டெங்குக் கொசுவுக்கு இடம் கொடுத்ததாகும். சாக்கடையில் எடுக்கும் டியூபிஃபெக்ஸ் புழுவால் நோய் வரும், தவிர்க்கவும். குரோமைடு பாசியும் தின்னும். வேக வைத்த கீரைத் துணுக்கை விரும்பி உண்ணும்.

நோய்களில் அடிக்கடி வருவது வெண்புள்ளி. உடம்பில் ரவை தூவினாற்போல் தெரியும். மெதுவாக வெப்பத்தை 30 டிகிரிக்கு உயர்த்தி, காற்றை அதிகமாக்கி, நீரை மாற்றி வந்தாலே ஆரம்பத்தில் கட்டுப்படும். புதிதாக வாங்கிய மீனை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தால் இதில் பாதி வராது.

புயலும் மின்வெட்டும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட சமயத்தில் மின்சாரம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. முதலில் தீனியை நிறுத்தவும். நன்கு வளர்ந்த மீன்கள் நாலைந்து நாள் பட்டினியைத் தாங்கும், காற்றில்லாத நீரில் அழுகும் தீனியைத் தாங்கா. பாட்டரியில் ஓடும் காற்று பம்பு ஒன்று வாங்கி வைப்பது நல்ல முதலீடு. அது இல்லாதவர்கள் மணிக்கு ஒரு தடவை சொம்பால் நீரை மொண்டு ஓர் அடி உயரத்திலிருந்து பத்துப் பதினைந்து முறை ஊற்றவும். பல மணி நேரம் நின்றுபோன மூடிய வடிகட்டியை, அதனுள் தேங்கிய நீரைக் கொட்டிய பின்பே மறுபடி ஓட விடவும்.

ஏரியில் விடாதீர்கள்

வேண்டாத மீனைக் கொல்ல மனமில்லாமல் ஏரியிலோ கழியிலோ விட்டுவிடுகிறார்கள். ஜிலேபி கெண்டை 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத ஏரி இல்லை. தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று விற்கப்படும் உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பெருகிவிட்டது. 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி நமக்கு மிக அருகில் இருக்கிறது. அயல்நாட்டு மீன் எதையும் அங்கோ அதற்குப் போகும் ஓடைகளிலோ விடக் கூடாது. விற்ற கடைக்கோ, வளர்க்கும் நண்பருக்கோ கொடுத்துவிடவும். அதே போல, குரோமைடு நம் நாட்டு மீன்தானே என்று சரணாலயத்தில் வலை போடவும் கூடாது. பண்ணைக் குஞ்சுகளையே வாங்கவும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிலையத்தில் உவர்நீர் மீன்களின் குஞ்சு உற்பத்தி பற்றி ஆலோசனை பெறலாம்.

வருமானத்துக்காகச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பத திட்டத்தில், கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்பு அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பிட்டு, பொதுப் பிரிவினருக்கு 40 சதவிகிதமும், மகளிருக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவிகிதமும் மானியம் வகுத்திருந்தார்கள். நகையை அடகு வைக்கும் முன் மீன்வளத் துறை அலுவலகத்துக்கு ஒரு நடை போய், இப்போது என்ன உதவி கிடைக்கும் என்று விசாரிப்பது நல்லது. குஞ்சை யார் வாங்குவார்கள் என்பதையும் தொட்டி வாங்கும் முன்பே பேசி வைக்கவும்.

கடைசியாக நான் அந்த மாடிக்குப் போனபோது எட்டுத் தொட்டிகளில் குரோமைடு இருந்தது. முதல் இரண்டு ஈற்றையும் மீன்களே தின்றுவிட்டன. மூன்றாவதில் தப்பிய குஞ்சுகளை மகன் எண்ணிக்கொண்டிருந்தார். மழை நீர்த் தொட்டிகளில் நான்கு ராம் மீன்கள் ஐந்தாவது மாதத்தைக் கடந்திருந்தன. அவை இன்னும் முட்டையிடவில்லை. அம்மையார் இப்போது தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும் முன் மீட்டரை நனைத்துப் பார்க்கிறார். வளையல்களில் ஒன்று திரும்பிவிட்டது. மற்றதற்கு வட்டி கட்டி வருகிறார்கள்.